வீரமுத்து பிடித்த டிஷ்

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழே முக்காலுக்கு, தன் வீட்டில் கேபிள் டிவியை ஒழித்துக்கட்டுவது என்று வீரமுத்து சபதம் எடுத்தார். பொதுவாக அவருடைய சபதங்களுக்கு ஆயுசு கம்மி. போகிப் பண்டிகையன்று வெற்றிலையை விடுவார், மாட்டுப் பொங்கலன்று மறுபடியும் வாயில் போடுவார். ஆனால் இது வேறு ரகம். இதில் அவமானம் கலந்திருந்தது.

நடந்தது இவ்வளவுதான். கள்ளக்குறிச்சிக்குப் போய், நாலு கடையில் உர மூட்டையின் விலையைக் கேட்டு, நாலு கடைக்காரரையும் திட்டி, ஒன்றும் வாங்காமல் பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பி வந்தவர் நாற்காலியில் விழுந்து தண்ணீர் கேட்டார். மனைவி ராணியம்மாள் டிவியில் இருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள்.

"விளம்பரம் வரட்டுங்க."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. தான் 'ராணி' என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் சொம்பு வந்து நிற்கும் வீடு தன்னுடையது என்பது வீரமுத்துவின் நம்பிக்கை. தண்ணீர்க் குடத்துக்கும் அவருடைய நாற்காலிக்கும் நடுவே ஆறடி தூரம். எழுந்து போய் மொண்டு குடிக்கலாம் என்ற யோசனை அவர் பரம்பரையில் எந்த ஆண்பிள்ளைக்கும் வந்ததில்லை. அவருக்கும் வரவில்லை. நாக்கு வறள உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரு சோப்பு விளம்பரம் வந்தது. அதில் ஒரு பெண் அருவியில் நின்றுகொண்டு அவ்வளவு தண்ணீரையும் வீணாக்கினாள். அதற்குப் பிறகுதான் சொம்பு வந்தது. குடிக்கும்போதே சபதம் எடுத்துவிட்டார்.

கச்சிராயபாளையம் சாலையில் இறங்கி ஒரு மைல் உள்ளே நடந்தால் வீரமுத்துவின் ஊர். மூன்று ஏக்கர் கரும்பு நிலத்தைப் போன வருஷம் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். வேலை ஒன்றும் இல்லை. தெரியாத விஷயமும் ஒன்றும் இல்லை. மோட்டார் ரிப்பேர், நாட்டு வைத்தியம், சட்டம், வானிலை என்று எதைக் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டால் இன்னும் விளக்கமாகச் சொல்வார்.

இலவச டிஷ் விஷயம் டீக்கடையில் காதில் விழுந்தது. குடை மாதிரி ஒன்றை வாங்கி மாடியில் வைத்துவிட்டால் மாசா மாசம் யாருக்கும் ஒன்றும் கட்ட வேண்டாம், அரசாங்கச் சேனல் எல்லாம் சும்மாவே வரும் என்றார்கள். 'சும்மா' என்ற வார்த்தை வீரமுத்துவுக்கு எப்போதுமே பிடிக்கும். அவர் பொழுதும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அவர் மனசுக்குள் ஓடியது வேறு. அரசாங்கச் சேனல் என்றால் செய்தி வரும், உழவர் நிகழ்ச்சி வரும், வீணை வாசிப்பார்கள். சீரியல் இருக்காது. வீணையைப் பார்த்து எந்தப் பொம்பளையும் புருஷனுக்குத் தண்ணீர் கொடுக்க மறக்க மாட்டாள். இதுதான் திட்டம். அரசாங்கச் சேனலில் உண்மையிலேயே என்னதான் காட்டுகிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத் திட்டம் போடலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. எதையும் பார்க்காமலே தெரிந்துகொள்ளும் பழக்கம் அவருக்கு.

மறுநாள் காலையில் ராணியம்மாளிடம் சிக்கனத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்துத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் பேசினார். அவள் வரவில்லை. யார் மேலே ஏறி வைப்பார்கள் என்று மட்டும் கேட்டாள். தானே வைக்கப்போவதாக அவர் சொன்னார்.

"மொட்டமாடியில எடம் இருக்குதாங்க?"

"அதெல்லாம் இருக்குது."

"செரி."

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சுலபமாக 'செரி' சொன்னது இரண்டே தடவைதான். முதல் தடவை கழுத்தில் தாலி ஏறியபோது. விவரம் உள்ள மனிதன் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பான். வீரமுத்து மீசையைத் தடவிவிட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் டிஷ் விற்கும் தமிழ்வேந்தன் இருபது வருஷமாக இதே தொழிலில் இருப்பவர். சின்னது, பெரியது என்று இரண்டு அளவில் எடுத்து வைத்து, உங்கள் ஊருக்குச் சின்னதே ஜாஸ்தி என்றார். வீரமுத்து பெரியதைக் கையில் எடுத்தார். பெரிய குடையில் பெரிய படம் வரும் என்பது அவர் வாதம். படத்தின் அளவு டிவியைப் பொறுத்தது என்று தமிழ்வேந்தன் எடுத்துச் சொன்னார். வியாபாரிகள் எப்போதுமே உண்மையை மறைப்பவர்கள் என்பது வீரமுத்துவுக்குத் தெரியாதா? பெரியதையே கட்டச் சொன்னார். மாட்டித் தர ஆள் அனுப்பவா என்று கேட்டதற்குச் சிரித்தார்.

"ஆண்டெனான்னு பேர்லயே ஆண் இருக்குது. இதுக்கு எதுக்குங்க இன்னொரு ஆளு?"

தமிழ்வேந்தன் பேனாவை எடுத்தார். டிவியில் இணைக்கும் சின்னப் பெட்டியின் அட்டை மேல், 'அக்னி மூலையைப் பார்த்து வைக்கவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார். வீரமுத்து அதைப் படிக்கவில்லை. பஸ்ஸில் அந்தப் பெரிய டிஷ்ஷை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, பக்கத்து சீட்டுக்காரர் எந்த ஊரில் கல்யாணச் சமையல் என்று விசாரித்தார்.

மொட்டைமாடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாடியில் இடம் இருப்பதாக வீரமுத்து சொன்னது சுத்தப் பொய். அங்கே இருந்தவை: துருப்பிடித்த பம்ப்செட் ஓடு, நாலு டிராக்டர் டயர் (டிராக்டர் இருந்ததே இல்லை), எப்போதோ நடந்த தேர்தலின் பேனர் மாட்டிய இரும்புச் சட்டங்கள், கால் ஒடிந்த கட்டில், உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஓடுகள். எல்லாம் எதற்காவது ஆகும் என்று அவர் சேர்த்து வைத்தவை. எதற்கும் ஆகவில்லை. தண்ணீர் தேங்குவதற்கு மட்டும் ஆயிற்று. மலைமேல் கரியாலூர்ப் பக்கம் மழை இறங்கினால் இங்கேயும் ஒரு பாட்டம் பெய்யும். பெய்தது அந்தக் குப்பைக்கு அடியில் நின்று, விரிசல் வழியாகக் கீழே சமையலறையில் சொட்டும். இரண்டு மழைக்காலமாக ராணியம்மாள் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பக்கெட்டை வைத்துக்கொண்டுதான் சமைக்கிறாள். எப்போது சொன்னாலும் வீரமுத்து 'பாக்கலாம்' என்பார். மேலே போய்ப் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலையில் ஏறினார். டயர்களை ஓரம் தள்ளி டிஷ்ஷை நிறுத்தினார். ராணியம்மாளைக் கீழே டிவிக்கு முன்னால் நிறுத்தினார். முதலில் மேற்கே, கல்வராயன் மலையைப் பார்த்துத் திருப்பினார். டவர் எல்லாம் மலைமேல்தானே இருக்கிறது? வரவில்லை. டிவி நிலையம் சென்னையில் இருக்கிறது என்று யோசித்து வடகிழக்கே திருப்பினார். வரவில்லை. அரசாங்கமே டெல்லியில் இருக்கிறது என்று வடக்கே திருப்பினார். டெல்லியும் கைவிட்டது. பத்து மணி வெயில் மண்டையில் இறங்கியபோது கீழேயிருந்து ராணியம்மாளின் குரல் வந்தது.

"ஏங்க, டப்பா மேல அக்னி மூலைன்னு எழுதி இருக்குதுங்க."

எப்போது பார்த்தாய் என்று கேட்டார். நேற்றே பார்த்துவிட்டாளாம். உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று சும்மா இருந்தாளாம். தெரியும், மற்ற திசையையும் ஒரு தடவை சோதித்துப் பார்த்தேன் என்றார் வீரமுத்து. டிஷ்ஷைத் தென்கிழக்கே திருப்பி, முகத்தை வானத்துக்கு நிமிர்த்தி, ஒரு விரல்கடை இந்தப் பக்கம், ஒரு விரல்கடை அந்தப் பக்கம் என்று அசைத்தார்.

"வருதா?"

டிஷ்ஷை விடாமல் கழுத்தை மட்டும் கீழே நீட்டினார்.

"வருதாடி?"

"வரல. ஆனா ஏதோ கோடு மாதிரி வருது. அப்படியே புடிச்சிக்கினு இருங்க. ஆடாதீங்க."

ஆடாமல் பிடித்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. வருதா என்று கேட்பார். 'வரல, புடிங்க' என்று பதில் வரும். கழுத்தில் ஓடிய வியர்வையைத் துடைக்கக் கை இல்லை. மூக்கின் நுனியில் உட்கார்ந்த ஈயை முறைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கீழே யாரோ பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. வேர்க்கடலை வறுக்கும் வாசனை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். அங்கே என்ன சிரிப்பு என்று மேலிருந்து அதட்டினார். பக்கத்து வீட்டு அம்சவள்ளி வந்திருப்பதாகவும், ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பதாகவும் பதில் வந்தது.

ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல், கையை விட்டுவிட்டுத் தடதடவென்று இறங்கி வந்தார். டிவி முழுக்க நீலம். 'சிக்னல் இல்லை' என்று எழுதியிருந்தது. அம்சவள்ளியும் இன்னும் நாலு பெண்களும் கடலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து அந்த நீலத்தையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்பதாங்க வந்துச்சி. நீங்க கைய எடுத்ததும் பூட்ச்சி" என்றாள் ராணியம்மாள் வருத்தமாக.

மனித உடம்பில் மின்சாரம் இருப்பதை வீரமுத்து அந்தப் பெண்களுக்கு விளக்கினார். அதிலும் சிலருக்கு ஜாஸ்தி என்றார். ஐந்து பெண்களும் தலையாட்டினார்கள். மறுபடியும் மேலே போய்ப் பிடித்தார். அன்றைக்கு மொத்தம் இரண்டரை மணி நேரம் பிடித்தார்.

சாயங்காலம் அவருக்கு முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டே ராணியம்மாள் ஒரு சந்தேகம் கேட்டாள். இவ்வளவு இரும்பு பக்கத்தில் கிடக்கிறதே, அதனால் ஒன்றும் ஆகாது இல்லையா?

வீரமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இரும்பு சிக்னலை இழுக்கும். காந்தத்தை இழுக்கவில்லையா? இதைத்தான் அவர் நாலு மணியில் இருந்தே யோசித்துக்கொண்டிருந்தாராம். வெள்ளிக்கிழமை காலையில் பழைய இரும்புக்காரனை அவரே கூட்டிக்கொண்டு வந்தார். பம்ப்செட் ஓடும் தேர்தல் சட்டங்களும் போயின. டயருக்குள்ளும் கம்பி இருக்கிறது என்று தன் அறிவையே வியந்துகொண்டு டயரையும் தூக்கிப் போட்டார். கட்டிலும் ஆஸ்பெஸ்டாஸும் ஏன் தனியாக இருக்க வேண்டும் என்று அவையும் இறங்கின. டிஷ்ஷைப் பிடித்தார். வரவில்லை.

குப்பை போன இடத்தில் பச்சைப் பாசியோடு தண்ணீர் நின்றது. தேநீர் கொண்டுவந்த ராணியம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சிக்னலு மேலேர்ந்து வந்து இந்தத் தண்ணியில வுழுந்துட்டா இன்னாங்க ஆவும்?"

வழுக்கிக்கொண்டு போய்விடும் என்றார் வீரமுத்து. அதுதான் பிரச்சினை என்று தனக்கு ஏற்கெனவே தெரியும் என்றும் சொன்னார். சனிக்கிழமை முழுக்க மண்டியிட்டுப் பாசியைச் சுரண்டினார். விரிசல்களில் சிமெண்டுப் பால் ஊற்றி, மேலே ஒரு பூச்சுப் பூசி, தண்ணீர் வடிய வாட்டம் வைத்தார். ஒரு கொத்தனாரைக் கூப்பிடலாம் என்று போன இரண்டு வருஷமாக ராணியம்மாள் கெஞ்சியது இந்த வேலைக்குத்தான். பூச்சுக்குத் தண்ணீர் தெளிக்கும்போது, அம்சவள்ளி தன் மாடியில் இருந்தபடியே முருங்கைக் கிளை மறைக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். கிளையை வெட்டினார். காயையும் பறித்துக் கீழே போட்டார். முப்பது காய்க்கு மேல் இருக்கும்.

திங்கட்கிழமை காலை பூச்சு காய்ந்தது. வீரமுத்து டிஷ்ஷை நிறுத்தினார். கை வைத்த உடனே கீழேயிருந்து குரல் வந்தது.

"வந்துடுச்சிங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. இருந்த நட்டையெல்லாம் ஸ்பேனரால் இறுக்கிவிட்டுக் கீழே வந்து பார்த்தார். மணிலாக் கடலைக்கு எப்போது ஜிப்சம் போடுவது என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. இவ்வளவு தெளிவாக வேறு எந்த வீட்டிலும் வராது என்று அறிவித்தார். அன்று மதியமே மழை கொட்டியது. சமையலறையில் ஒரு சொட்டு விழவில்லை. சிக்னலுக்காகச் செய்த வேலையில் இதுவும் சரியாகிவிட்டது பார் என்று பெருமையாகக் காட்டினார். ராணியம்மாள் பக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

சாயங்காலம் ஏழு மணிக்கு வீணைக்காகக் காத்திருந்தார். அரசாங்கச் சேனலில் ஒரு மாமியார் மருமகளைப் பார்த்து, நீ இந்த வீட்டுக்கு வந்த நேரம் என்று ஆரம்பித்தாள். சீரியல். அது முடிந்ததும் இன்னொன்று. போதாக்குறைக்கு அரசாங்கச் சேனலில் விளம்பரமும் கம்மி. ஏழே முக்காலுக்கு வீரமுத்து எழுந்து ஆறடி நடந்து, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தண்ணீரைத் தானே மொண்டு குடித்தார்.

அதையும் அவர் சமாளித்துவிட்டார். டீக்கடையில் இப்போது அவர்தான் டிஷ் நிபுணர். இரும்பை அகற்று, பாசியைச் சுரண்டு, சிமெண்டு பூசு, முருங்கையை வெட்டு, சிக்னல் தன்னால் வரும் என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொன்னார். புதன்கிழமை, அம்சவள்ளியின் புருஷன் அன்புச்செல்வனைப் பிடித்துவைத்து முதலில் இருந்து ஆரம்பித்தார். அன்புச்செல்வன் சூது வாது தெரியாத மனுஷன்.

"ஆமாண்ணே. மொத நாளே ரெண்டரை மணி நேரம் ஆடாம புடிச்சிக்கினு இருந்தீங்களாமே. எங்க வூட்ல சொல்லிச்சி. நடுவுல நீங்க எறங்கி வந்தப்ப தவிர முழுப் படமும் எங்கியும் நிக்காம வந்துச்சாம். அவங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம்."

வீரமுத்துவின் கையில் இருந்த டீ ஆறியது. எந்தப் படம் என்று கேட்டார். பேர் தெரியாது, பழைய சிரிப்புப் படம், சத்தத்தைக் குறைச்சி வெச்சிப் பாத்தாங்களாம் என்றார் அன்புச்செல்வன். அஞ்சு பேரும் கடலை வறுத்துத் தின்றுகொண்டு பார்த்தார்களாம்.

வீட்டுக்கு நடக்கும்போது வீரமுத்துவுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. ஆறு நாள் தாமதமாகத்தான் விளங்கியது, ஆனால் விளங்கிவிட்டது. இரும்பு, தண்ணீர், முருங்கைக்காய் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. சண்டை போடலாமா என்று யோசித்தார். எப்படி ஆரம்பிப்பது? சமையலறை ஏன் ஒழுகவில்லை என்று கேட்பதா? எப்படிச் சுற்றி வந்தாலும் 'பாக்கலாம்' என்று சொன்ன இடத்தில்தான் போய் முடியும். அதனால் சண்டை வேண்டாம் என்று முடிவு செய்தார். அவளுக்கு அவள் வழியிலேயே திருப்பிக் கொடுப்பது என்று தீர்மானித்தார். வெயிலில் அவளும் நிற்கட்டும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு டிஷ் பெட்டியின் பின்னால் இருந்த ஒயரைப் பிடுங்கினார். படம் போய்விட்டது, எனக்கு முட்டி வலி, நீ மேலே போய்க் கொஞ்சம் பிடி என்றார். ராணியம்மாள் டிவியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் ஒயரைச் சொருகினார். படம் வந்தது.

"வருதாங்க?" என்று மேலே இருந்து கேட்டாள்.

"வரல. புடிச்சிக்கினு இரு."

இதைச் சொன்னபோது அவருக்கு உள்ளே தேன் இறங்கிற்று. சாய்ந்து உட்கார்ந்தார். நல்ல பழைய படமாகப் போட்டிருந்தான். சண்டைக் காட்சி வந்தபோது சத்தத்தைக் கூட்டினார். நகைச்சுவை வந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பதினோரு மணிக்கு ஒரு தடவை, பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை மேலே இருந்து 'வருதாங்க' என்ற கேள்வி வந்தது. இரண்டு தடவையும் 'வரல' என்றார். அதற்குப் பிறகு கேள்வியும் வரவில்லை. களைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு மணிக்குப் பசித்தது. சமையலறைக்குப் போய்ப் பார்த்தார். அடுப்பு துடைத்துக் கோலம் போட்டு வைத்த மாதிரி இருந்தது. சட்டியைத் திறந்தார். காலி. இன்னொரு சட்டியில் நேற்றைய ரசம் கொஞ்சம், அதுவும் புளித்திருந்தது. இப்போது கூப்பிட்டால் பழிவாங்கல் பாதியில் நின்றுவிடும். பொறுத்தார். ஒன்றரைக்குக் கடலை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று டப்பா டப்பாவாகத் தேடினார். தோல்தான் இருந்தது. படத்தில் கல்யாண விருந்து போட்டான். இலை நிறைய சோறு. வீரமுத்து கண்ணை மூடிக்கொண்டார். இரண்டே காலுக்கு மானத்தை விட்டார்.

"ராணி, வந்துடுச்சிடி. எறங்கி வா."

ராணியம்மாள் நிதானமாக இறங்கி வந்தாள். வியர்க்கவில்லை. முறம் காலியாக இருந்தது. கொண்டுபோன மொச்சையை எல்லாம் உரித்துக் காய வைத்துவிட்டாள். புதுப் பூச்சில் காலை நீட்டி, அம்சவள்ளி வீட்டு வேப்ப நிழலில் உட்கார்ந்து, மாடி தாண்டி வந்த அம்சவள்ளியோடு நாலு மணி நேரம் நிம்மதியாகப் பேசியிருக்கிறாள்.

படம் கடைசியில் வந்துவிட்டது, நன்றாகப் பிடித்தாய் என்று வீரமுத்து பாராட்டினார். பிறகு சோறு எங்கே என்று கேட்டார்.

"காலையிலேர்ந்தே வந்துக்கினுதாங்க இருக்குது" என்றாள் ராணியம்மாள். "நீங்க வெச்ச சத்தம் தெருவுக்கே கேட்டுச்சி. அம்சவள்ளி மாடிக்கே சோறும் மீன் கொழம்பும் எடுத்தாந்தாங்க, நான் சாப்ட்டுட்டேன். நீங்க படம் பாத்துக்கினு இருந்தீங்களேன்னு, தொந்தரவு பண்ண வேணாம்னுதான் ஒல வைக்கல."